பேட்டுக்கும் முத்திரை உண்டு



அரிசி, பருப்பு, எண்ணெய் விலை பற்றி எழுதும் நமது இதழில் விளையாட்டு பேட்டுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். நம் உறுப்பினர்கள் பலருடைய கடை வாசலில் நைலான் வலையில் பந்தும், கொக்கியில் பிளாஸ்டிக் பேட்டும் தொங்குகின்றன. பள்ளி, கல்லூரிக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களிடம் பெரிய விளையாட்டுச் சாமான்களும் கேட்கிறார்கள். கேட்டதை வாங்கிக் கொடுப்பதுதான் வியாபாரம். ஆனால் முத்திரை பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஃபேன்சி சாமான், விளையாட்டுச் சாமான் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் துறையூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து சாஃப்ட்பால் பேட் 12 வேண்டும் என்று ஆர்டர் வந்தது. நமக்குத் தெரிந்தது கிரிக்கெட் பேட்தான். வடக்கே உள்ள ஒரு வியாபாரிக்குப் போன் செய்தேன். "அலுமினிய பேட், நல்ல கனம், உடனே அனுப்புகிறேன்" என்றார். வந்தது, பளபளவென்று இருந்தது, பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

போட்டியன்று காலையில் நடுவர் ஒரு இரும்பு வளையத்தை எடுத்து ஒவ்வொரு பேட்டிலும் நுழைத்துப் பார்த்திருக்கிறார். 12-இல் ஒன்றுகூட வளையத்தில் நுழையவில்லை. அத்தனையும் பேஸ்பால் பேட்! பிள்ளைகள் எதிர் அணியிடம் பேட் இரவல் வாங்கி ஆடித் தோற்றுத் திரும்பினார்கள். கல்லூரியின் பி.டி. சார் கடைக்கு நேரில் வந்தார். கோபப்படவில்லை. "அண்ணே, முத்திரை இல்லாத படிக்கல்லை உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அனுப்பிய வியாபாரி சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு அந்தக் கல்லூரி ஆர்டர் எனக்கு வரவும் இல்லை.

இரண்டும் ஒன்றல்ல

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சாஃப்ட்பால் வேறு, பேஸ்பால் வேறு. சாஃப்ட்பால் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பேஸ்பால் பந்து 9 முதல் 9¼ அங்குலம். பெரிய பந்துக்கு மெலிந்த பேட், சிறிய பந்துக்குத் தடித்த பேட் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சாஃப்ட்பால் பேட்டின் அடிக்கும் பகுதி 2¼ அங்குலக் குறுக்களவைத் தாண்டக்கூடாது. நீளம் 34 அங்குலத்துக்குள், எடை 38 அவுன்ஸுக்குள், அதாவது சுமார் 1 கிலோ 77 கிராமுக்குள் இருக்க வேண்டும். பேஸ்பாலில் மர பேட் 2.61 அங்குலம் வரை தடிக்கலாம். பெரியவர்களுக்கான அலுமினிய பேட் 2⅝ அங்குலம் வரை வருகிறது. எனக்கு வந்தவை இந்த 2⅝ அங்குல ரகம். சாஃப்ட்பால் வளையத்தில் அவை எப்படி நுழையும்?

மாற்றிப் பயன்படுத்தினாலும் நஷ்டம்தான். சாஃப்ட்பால் பேட்டால் பேஸ்பால் பந்தை அடித்தால் மெல்லிய தகடு நசுங்கிவிடும்.

முத்திரை ஏன் வந்தது?

மர பேட் மட்டும் இருந்த காலத்தில் இவ்வளவு தொல்லை இல்லை. அலுமினியமும் அதன்பின் நார்க்கலவை பேட்டும் வந்தன. இவை உள்ளே கூடானவை. பந்து படும்போது மெல்லிய சுவர் சற்று உள்வாங்கிப் பந்தை வேகமாகத் திருப்பி எறிகிறது. சாஃப்ட்பால் மகளிர் ஆட்டத்தில் பந்து வீசுபவர் நிற்பது 43 அடி தூரத்தில். பந்து முகத்துக்கு நேரே வந்தால் விலக நேரம் கிடையாது. ஆகவேதான் பேட் எவ்வளவு வேகம் தரலாம் என்பதற்கு வரம்பு வைத்தார்கள்.

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் 2011-லும், உயர்நிலைப் பள்ளிகளில் 2012-லும் "பி.பி.சி.ஓ.ஆர். .50" என்ற முத்திரை கட்டாயமானது. அங்கே சிறுவர் பேஸ்பாலுக்கு 2018 முதல் "யு.எஸ்.ஏ. பேஸ்பால்" முத்திரை வந்தது. சாஃப்ட்பாலுக்கு அங்கே "ஏ.எஸ்.ஏ. 2004" முத்திரை பெயர் பெற்றது. 2013-இல் உலக பேஸ்பால், சாஃப்ட்பால் அமைப்புகள் ஒன்றாக இணைந்தன. அந்த அமைப்பு அனுமதித்த பேட்டுகளின் பட்டியலை வெளியிடுகிறது. நம் நாட்டில் 1961-இல் தொடங்கிய இந்திய சாஃப்ட்பால் சங்கம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையே இரு ஆட்டங்களுக்கும் போட்டிகள் நடக்கின்றன.

ஒரு முத்திரை எல்லாப் போட்டிக்கும் செல்லும் என்று எண்ணக்கூடாது. எந்தப் போட்டிக்கோ அந்தப் போட்டியை நடத்துவோரின் விதிதான் கணக்கு. விதிக்குப் பொருந்தாத பேட்டுடன் ஆட வந்தால் ஆட்டக்காரர் "அவுட்". பழியும் நஷ்டமும் விற்றவர் தலையில்.

ஆளுக்கு ஏற்ற பேட்

பேட்டின் அடியைத் தரையில் ஊன்றி, ஆட்டக்காரரின் காலோரம் நிறுத்துங்கள். கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை கைப்பிடி முனையைத் தொட வேண்டும். அது நீளத்துக்கு. எடைக்கு, ஒரே கையால் பேட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் கை தாழ்ந்தால் கனம் அதிகம்.

பேட்டில் "-3", "-10" என்று எழுதியிருப்பது விலைத் தள்ளுபடி அல்ல! அங்குல நீளத்தில் அவுன்ஸ் எடையைக் கழித்தால் வருவது. 33 அங்குலம், 30 அவுன்ஸ் என்றால் மைனஸ் 3. எண் கூடக்கூட பேட் இலேசு. பெண்பிள்ளைகளின் சாஃப்ட்பாலுக்கு மைனஸ் 10 போன்ற இலேசான பேட் பொருந்தும்.

மர பேட்டுக்கு ஆஷ், மேப்பிள், பிர்ச் மரங்கள் ஏற்றவை. கிரிக்கெட்டுக்குச் சிறந்த வில்லோ இதற்கு உதவாது. ஆஷ் மர பேட்டில் கம்பெனி முத்திரை மேலே பார்க்கும்படி பிடித்து அடிக்க வேண்டும். முத்திரை மீதே பந்து பட்டால் மரம் சிதறும். இதை வாங்குபவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஆர்டர் எடுக்கும்போது

வாய்வார்த்தையில் ஆர்டர் எடுக்காதீர்கள். எந்த ஆட்டம், எந்தப் போட்டி, நீளம், எடை, குறுக்களவு, மரமா உலோகமா, என்ன முத்திரை என்று பி.டி. சார் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். அதையே வெளியூர் வியாபாரிக்கும் அனுப்பி, "பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கச் சம்மதம்" என்று எழுத்தில் பெறுங்கள். சரக்கு வந்ததும் குறுக்களவை அளந்து பாருங்கள். முத்திரை அழிந்தது, நசுங்கியது, விரிசல் விட்டது எதையும் கல்லூரிக்கு அனுப்பாதீர்கள். நான் இப்போது 2¼ அங்குல வளையம் ஒன்றைக் கல்லா அருகிலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.

வாசலில் தொங்கும் பேட்

"எனக்குச் சாஃப்ட்பால் ஆர்டரே வராது" என்று மளிகைக் கடை உறுப்பினர்கள் இருந்துவிட வேண்டாம். உங்கள் வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பேட்டுக்குச் சர்க்கார் முத்திரையே உண்டு. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். போட்டியில் ஆடும் உண்மையான பேட் விளையாட்டுச் சாதனம். அதைப் போலச் செய்த குழந்தைகளின் பேட் பொம்மை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2016-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயச் சட்டம், இத்தகைய பொருளை முத்திரையின்றிச் செய்பவரை மட்டுமல்ல, விற்பவரையும், விற்பனைக்கு இருப்பு வைப்பவரையும் பிடிக்கிறது. முதல் குற்றத்துக்கே 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், 2 ஆண்டு வரை சிறை என்று அச்சட்டம் வகுத்தது. ஒரு பேட்டில் நமக்குக் கிடைக்கும் பத்து, பதினைந்து ரூபாய் லாபத்துக்கு இது தாங்குமா?

ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், அதன் கீழே "சி.எம்./எல்." என்று தொடங்கும் உரிம எண்ணையும் பாருங்கள். போலி முத்திரையும் வரலாம். அந்த எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரியும். பில் இல்லாமல் பொம்மைச் சரக்கு எடுக்காதீர்கள். சமயபுரம் திருவிழாவுக்கும் ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக்கும் சரக்கு குவிப்பவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும்.

எடைக்கல்லுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போடுகிறோம். அந்த முத்திரையை நம்பித்தான் வாடிக்கையாளர் நம் கடை ஏறுகிறார். பேட் வாங்கும் பிள்ளையும் அதே நம்பிக்கையோடுதான் வருகிறது. நான் 12 பேட்டில் இழந்த பணத்தைப் பிறகு சம்பாதித்துவிட்டேன். அந்தக் கல்லூரியின் நம்பிக்கையை இன்றுவரை சம்பாதிக்க முடியவில்லை. உறுப்பினர்கள் இன்றே ஒருமுறை தங்கள் வாசல் கொக்கியைப் பார்த்துக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.