டூரோ பள்ளத்தாக்கில் ஓய்வான பயணம்

டூரோ பள்ளத்தாக்கு என்பது போர்த்துகல் நாட்டின் வடபகுதியில், டூரோ ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள பழமையான திராட்சை மது உற்பத்திப் பகுதியாகும். போர்ட் எனப்படும் இனிப்பு மது இங்குதான் தயாராகிறது. இதன் ஒரு பகுதியை யுனெஸ்கோ 2001 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

வரலாறு

18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துடனான மது வணிகம் பெருகியபோது கலப்படமும் பெருகியது, விலை சரிந்தது. இதைத் தடுக்க, முதலமைச்சராக இருந்த பொம்பால் பிரபு 1756 இல் இப்பகுதிக்கு எல்லை வகுத்தார். எல்லையில் கருங்கல் தூண்கள் நடப்பட்டன. சட்டத்தால் எல்லை வரையறுக்கப்பட்ட உலகின் மிகப் பழைய மது உற்பத்திப் பகுதிகளுள் இதுவும் ஒன்று.

மலைச்சரிவின் சிஸ்ட் பாறைகளை உடைத்து, கற்சுவர் எழுப்பி, படிப்படியாகத் தோட்டங்களை அமைத்தவர்கள் உழைப்பாளிகளே. இன்று பயணிகள் வியந்து காணும் காட்சி அவர்களின் கைவண்ணம்.

பயணத் திட்டம்

போர்த்தோ நகரிலிருந்து ரேகுவா ஊருக்குத் தொடர்வண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அடுத்து வரும் பின்யாவ் நிலையத்தின் சுவர்களில் அறுவடைக் காட்சிகளைக் காட்டும் நீல ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. போர்த்தோவிலிருந்து செல்லும்போது வண்டியின் வலப்பக்கம் அமர்ந்தால் ஆற்றை நன்றாகப் பார்க்கலாம்.

ஒரே நாளில் போய்த் திரும்புவோர் பெரும்பாலும் வண்டியிலேயே நேரத்தைக் கழிக்க நேரிடும். இரண்டு இரவுகள் தங்குவது நல்லது. முதல் நாள் ரேகுவாவிலுள்ள டூரோ அருங்காட்சியகம். இரண்டாம் நாள் காலை ஒரு தோட்டம், மாலை படகுப் பயணம். ஒரு நாளைக்கு ஒரு தோட்டமே போதுமானது. தோட்டங்களுக்கு முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஏற்ற காலம்

கோடையில் வெப்பம் சில நாட்களில் 40 பாகை செல்சியசைத் தாண்டும். மே, சூன் மாதங்களும் அக்டோபரும் இதமானவை. செப்டம்பரில் அறுவடையைக் காணலாம். ஆனால் கூட்டமும் கட்டணமும் கூடுதல்.

கவனிக்க வேண்டியவை

நொதித்தலின் நடுவே திராட்சைச் சாராயம் சேர்த்து அதை நிறுத்துவதால் போர்ட்டில் இனிப்பு எஞ்சுகிறது. சாராய அளவும் ஏறத்தாழ 20 விழுக்காடாக உயர்கிறது. வழக்கமான திராட்சை மதுவைவிட இது வலிமையானது. மலைச்சாலைகளோ குறுகியவை, வளைவுகள் மிகுந்தவை. எனவே மது சுவைப்பவர் வண்டி ஓட்டக் கூடாது; தொடர்வண்டியே பாதுகாப்பானது. கோப்பையில் ஊற்றியதை முழுவதும் பருக வேண்டும் என்ற கட்டாயமில்லை. சுவைத்துத் துப்புவது அங்கு இயல்பான வழக்கம். மது அருந்தாதோருக்கும் ஆறு, தோட்டங்கள், அருங்காட்சியகம் எனக் காண்பதற்கு நிறைய உண்டு.