படலத்தின் அடியில் விளையும் மஞ்சள் ஒயின்

ஒயின் செய்பவர்கள் காற்றைக் கண்டால் அஞ்சுவார்கள். பீப்பாயில் ஆவியாகிக் குறைந்ததை அவ்வப்போது ஊற்றி நிரப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஒயின் காடியாகப் புளித்துப்போகும். சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய பிரான்ஸின் ஜூரா பகுதியில் ‘வேன் ஜோன்’ என்ற மஞ்சள் ஒயினுக்காக இந்த விதியைத் தெரிந்தே மீறுகிறார்கள். சவான்யேன் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினை ஓக் பீப்பாயில் ஊற்றி, குறைந்தாலும் நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் அதன்மேல் ஈஸ்ட் படலம் ஒன்று படிகிறது. மேலே இருக்கும் ஆக்சிஜனை அந்தப் படலமே உண்டு, ஒயின் காடியாகாமல் காக்கிறது. கூடவே ஆல்கஹாலில் ஒரு பங்கை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15க்கு முன் இதைப் புட்டியில் அடைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிளாவ்லேன் எனப்படும் அந்தக் குட்டையான புட்டி 620 மில்லி கொள்ளும். ஒரு லிட்டர் ஒயினில் இத்தனை ஆண்டுக்குப் பின் மிஞ்சுவது அவ்வளவுதான் என்பது அவ்வூர்க் கணக்கு.

இதனோடு உண்ண இரண்டு பண்டங்களைச் சொல்வார்கள்: நன்கு முதிர்ந்த கோம்தே பாலாடைக்கட்டி, மோரல் காளானும் பாலேடும் சேர்த்து இதே ஒயினில் வேகவைத்த கோழி. ஒரே மண்ணில் விளைந்தவை ஒன்றோடொன்று பொருந்தும் என்பதுதான் வழக்கமாகத் தரப்படும் விளக்கம். கேட்க இனிமையாக இருந்தாலும் அது போதாது. அதே ஜூராவில், அதே சவான்யேன் ஒயினைப் பீப்பாய் குறையாமல் நிரப்பி நிரப்பி வளர்த்தால் பூ மணமும் எலுமிச்சைப் புளிப்பும் உள்ள வேறொரு ஒயின் கிடைக்கிறது. மஞ்சள் ஒயினுக்கே உரிய வால்நட் வாசனையோ மசாலா நெடியோ அதில் இல்லை. மண்ணும் கொடியும் மாறவில்லை, பீப்பாயின் மேற்பகுதியில் விட்ட காலி இடம்தான் மாறியது. கோம்தேயும் மாதக்கணக்கில் முதிரும்போது வறுத்த கொட்டையின் வாசனை பெறுகிறது. ஆகவே இந்தப் பொருத்தத்துக்கு வேர் தேடுபவர் நிலவறைக்குள் போவதே சரி.

அங்கே நடக்கும் வேதியியலில் நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. படலத்தின் அடியில் உருவாகும் அசிட்டால்டிஹைடு, ஈஸ்ட் தரும் ஒரு கீட்டோ அமிலத்தோடு மெல்லச் சேர்ந்து சோட்டோலோன் என்ற சேர்மத்தைத் தருகிறது. நம் அஞ்சறைப்பெட்டி வெந்தயத்துக்கு மணம் தருவதும் இதே சோட்டோலோன்தான். பிரான்ஸில் கறிமசாலா சேர்ந்த பண்டங்களுக்கு மஞ்சள் ஒயினைப் பரிந்துரைப்பதற்கு இது வலுவான காரணம். மணச் சேர்மம் பொதுவாக இருந்தாலே உணவு பொருந்திவிடுமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 2015இல் இந்திய ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான இந்தியச் சமையல் குறிப்புகளை அலசியபோது, மணச் சேர்மங்களை அதிகம் பகிர்ந்துகொள்ளாத பொருள்களையே நம் சமையல் சேர்த்து வைக்கிறது என்று கண்டார்கள். எனவே பொது மணத்தை ஒரு விதியாக்க முடியாது. மஞ்சள் ஒயின் விஷயத்தில் மணம் ஒயினையும் உணவையும் அறிமுகம் செய்து வைக்கிறது. நாக்கில் வேலை செய்வது ஒயினின் கூர்மையான புளிப்பும் சர்க்கரையே இல்லாத வறட்சியும். பாலேட்டின் கொழுப்பையும் கோம்தேயின் உப்பையும் அந்தப் புளிப்பு வழித்தெடுத்து, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்குகிறது.

இதெல்லாம் பழக்கத்தால் வந்த ருசி என்பாரும் உண்டு. பழக்கத்துக்குப் பங்கு உண்டுதான். ஆனால் ஜூராக்காரர்களின் பழக்கத்தில் இல்லாத வெந்தய மசாலாவோடும் இது ஒத்துப்போவதைப் பழக்கம் விளக்காது. எல்லை ஒன்று மட்டும் உண்டு. இதன் ஆல்கஹால் 14, 15 சதவீதத்தைத் தொடும். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும். ஆகவே காரக் குழம்புக்கு இது ஆகாது; தேங்காய்ப்பாலோ பாலேடோ சேர்ந்த, வெந்தய வாசனை தூக்கலான, காரம் அடங்கிய குருமாவுக்கே பொருந்தும். ஐஸில் வைக்காமல், பரிமாறச் சில மணி நேரம் முன்பே திறந்து வைக்க வேண்டும்.