பி.கே.ரோசி: திரையில் தோன்றிய குற்றம்

ஸ்ரீவைகுண்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நவதிருப்பதிக் கோயிலையும் தாமிரபரணி அணைக்கட்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவர். வன்கொடுமை வழக்குகளுக்காக இப்பகுதிக்கு வந்துபோகும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது இவ்வூரின் மண்கோட்டை. அதற்குள் கோட்டைப் பிள்ளைமார் எனும் சிறு வேளாளப் பிரிவினர் வாழ்ந்தனர். அவர்களுடைய பெண்கள் ஆயுள் முழுவதும் கோட்டைச் சுவரைத் தாண்டுவதில்லை. நெருங்கிய உறவினர் அல்லாத ஆண்களின் கண்ணில் அவர்கள் படக் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்த இவ்வழக்கத்தைச் சமூகவியலாளர் கமலா கணேஷ் நேரில் ஆராய்ந்து, 1993இல் நூலாகவே எழுதியிருக்கிறார்.

இதே நிலப்பரப்பில் பார்க்கக் கூடாதவர்கள் இன்னொரு வகையினரும் இருந்தனர். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். அதற்கு முன் ஸ்ரீவைகுண்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தத் திருநெல்வேலி மாவட்டத்தில், தலித் மக்களின் துணிகளை வெளுக்கும் புதிரை வண்ணார்கள் பகலில் வெளியே வரவே அனுமதிக்கப்படவில்லை என்றும், அவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டு என்று கருதப்பட்டதால் இரவில் மட்டும் வேலை செய்தனர் என்றும் 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழ் செய்தி வெளியிட்டது. அண்ணல் அம்பேத்கர் தம் எழுத்தில் இச்செய்தியை எடுத்துக்காட்டியுள்ளார். ஒரு சாதிப் பெண்ணை மானத்தின் பெயரால் மறைத்தார்கள். இன்னொரு சாதியையே தீட்டின் பெயரால் மறைத்தார்கள். எவரை எவர் பார்க்கலாம், எந்தக் கோலத்தில் பார்க்கலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில், புலையர் சமூகத்துப் பெண் ஒருவர் வெள்ளித்திரையில் நாயர் பெண்ணாகத் தோன்றினார். மலையாளத் திரையுலகின் முதல் கதாநாயகியான பி.கே.ரோசிதான் அவர். நடிகையரின் வாழ்வு என்றால் அழகு, புகழ், பணம், பின்னர் வீழ்ச்சி என்றே எழுதிப் பழகிய நம் பத்திரிகைகளுக்கு இவருடைய வாழ்வை எந்தப் பக்கத்தில் வைப்பது என்றே தெரிந்ததில்லை. ஒரே ஒரு படம். அதைக்கூட அவர் முதற்காட்சியில் அமர்ந்து பார்க்க முடியவில்லை.

ராஜம்மா என்னும் இயற்பெயருடைய ரோசி, 1903இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் பிறந்தவர் எனப்படுகிறது. புல்லறுத்து விற்று வாழ்ந்த ஏழைக் குடும்பம். தமிழும் மலையாளமும் கலந்து நடத்தப்படும் காக்காரிசி நாடகத்தில் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். பெண் வேடத்தை ஆண்களே கட்டிவந்த அந்நாடகத்தில் ஒரு பெண் ஏறி ஆடியதே துணிச்சலான செயல்.

அந்தத் துணிச்சலுக்கு ஒரு பின்னணி உண்டு. ரோசியின் குழந்தைப் பருவத்திலேயே, 1907இல், அய்யன்காளி சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிவிட்டார். 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில், அடிமைச் சின்னமாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளைப் புலையர் பெண்கள் அறுத்தெறிந்தனர். இன்ன துணி உடுத்தலாம், இன்ன நகை பூணக் கூடாது என்று பெண்ணுடலின் மீது எழுதப்பட்டிருந்த சாதிச் சட்டத்தை அவர்கள் கழற்றி வீசி, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் கழிந்த நிலையில்தான் ரோசி நாயர் பெண்ணின் உடையும் நகையும் அணிந்து கேமராவின் முன் நின்றார்.

படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. எழுதி, இயக்கி, தயாரித்து, நாயகனாகவும் நடித்தவர் அகஸ்தீஸ்வரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நாடார் கிறித்தவரான ஜே.சி.டானியல். தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரம் பட்டத்தில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தவர். நாயகியாக நடிக்க முதலில் பம்பாயிலிருந்து லானா என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் வந்தார். அவர் கேட்ட வசதிகளைச் செய்துதர இயலாமல் அந்த ஏற்பாடு முறிந்தது. உயர்சாதிப் பெண்கள் நடிக்க வர மாட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் ரோசி அழைத்துவரப்பட்டார். பத்து நாள் வேலை, நாளொன்றுக்கு 5 ரூபாய் கூலி என்று பதிவுகள் கூறுகின்றன. வயல் வேலைக்குப் போவதைப் போலவே மதியச் சோற்றைக் கையில் கொண்டுவந்தாராம். நடிகைக்குரிய மரியாதையை எதிர்பார்க்காமல் கூலியாளாகவே தம்மைக் கருதிக்கொண்டார் என்பதற்கு அந்தச் சோற்றுப் பாத்திரமே சான்று.

கதையையும் சற்றுக் கவனிக்க வேண்டும். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தோட்டக் கூலியாக வளர்கிறான். இறுதியில் முதுகிலுள்ள தழும்பால் அடையாளம் காணப்பட்டுக் குடும்பத்துக்குத் திரும்புகிறான். அவனுடைய சகோதரி சரோஜினியின் வேடமே ரோசிக்கு. இதே தூத்துக்குடித் துறையில் கப்பலேறிக் கொழும்புக்குக் கூலிகளாகப் போன ஒடுக்கப்பட்ட மக்கள் பல்லாயிரம் பேர். அவர்களைத் தேடி எந்தக் கதையும் எழுதப்படவில்லை. தொலைந்த செல்வர் மகனுக்குத் தழும்பு இருந்தது. அவனுடைய சகோதரியாக நடித்தவர் பின்னாளில் தொலைந்தபோது அடையாளம் காண ஒரு படச்சுருள்கூட மிஞ்சவில்லை.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் 7 என்று ஒரு சாராரும் 1930 அக்டோபர் 23 என்று மற்றொரு சாராரும் கூறுவர். தொடங்கிவைத்தவர் அக்காலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞரான மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. நாயகி அரங்கில் இருப்பாரானால் தாங்கள் வர இயலாது என்று பிரமுகர்கள் தெரிவித்ததாகவும், அதனால் ரோசி முதற்காட்சியில் அனுமதிக்கப்படவில்லை என்றும் பதிவுகள் உள்ளன. விளக்கேற்றக் கூப்பிடப்பட்டவர் ஒரு வழக்கறிஞர் என்பதை நம் தொழிலின் வரலாற்றில் நாமும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாயகன் சரோஜினியின் கூந்தல் மலரை எடுத்து முத்தமிடும் காட்சி வந்தபோது அரங்கம் கொந்தளித்தது. திரையின் மீது கற்கள் பறந்தன. அடுத்தடுத்த நாள்களில் ரோசி துரத்தப்பட்டார். அவருடைய குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. அவ்வழியே வந்த லாரி ஒன்றில் ஏறித் தப்பிய அவர், நாகர்கோவில் வந்து சேர்ந்து, அந்த லாரியை ஓட்டிவந்த கேசவன் பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்நாளைக் கழித்தார். மீண்டும் நடிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தின் கோபம் எதன் மீது? தலித் பெண் நடித்தார் என்பதே காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. காக்காரிசியில் அவர் ஆடியபோது எவரும் குடிசையைக் கொளுத்தவில்லை. தலித் பெண்ணின் உழைப்பு வயலுக்கும் வேண்டும், கூத்துக்கும் வேண்டும், சினிமாவுக்கும் வேண்டும். இழப்பதற்கு மானம் என ஒன்று அவளுக்கு இல்லை என்று கருதியதால்தான் உயர்சாதிப் பெண்கள் வர மறுத்த இடத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஆனால், திரையில் தெரிந்தது கூலியாள் அல்ல, மலர் சூடிய நாயர் பெண். அந்த முகத்தை நாயர் பெண் என்று நம்பிப் பார்க்குமாறு கேமரா கேட்டது. பார்த்தவர்கள் ஒரு கணம் நம்பியும் இருக்க வேண்டும். பிறப்பால் வருவதாகச் சொல்லப்படும் 'அழகும் குலமும்' ஒரு புடவையாலும் சிறிது வெளிச்சத்தாலும் உண்டாக்கக் கூடியவை என்று திரை காட்டிவிட்டது. கல்லெறிந்தவர்கள் தாக்கியது அந்த உண்மையைத்தான் என்பது நம் கருத்து. ஸ்ரீவைகுண்டத்துக் கோட்டைச் சுவர் கற்பித்த பாடமும் இதுவே: மறைத்துவைத்தால்தான் அது மானம்.

நாகர்கோவிலில் ரோசி வாழ்ந்த வாழ்வைப் பற்றிச் சிலர் வருத்தத்தோடு எழுதுவதுண்டு: ஒரு சாதனையாளர் தம் அடையாளத்தையே மறைத்துக்கொண்டாரே என்று. பிள்ளைகள் தந்தையின் சாதி அடையாளத்திலேயே வளர்ந்தனர். தாயின் கலைவாழ்வைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது குறைவே. இதை ரோசியின் குறையாக எண்ண நமக்கு உரிமையில்லை. ஊரில் ரோசியாக இருந்தால் தீ, ஊருக்கு வெளியே ராஜம்மாளாக இருந்தால் உயிர் என்ற நிலையில் அவர் செய்த தேர்வு அது. சொல்லப்போனால், நாயர் பெண்ணாகப் பத்து நாள் நடித்ததற்காகத் துரத்தப்பட்டவர், நாயர் ஒருவரின் மனைவியாக எஞ்சிய நாள்களெல்லாம் வாழ்ந்தார். இந்த வேடத்தை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

டானியலும் மீளவில்லை. கடனில் மூழ்கிப் பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்ததால், கலைஞர் உதவித்தொகையைத் தமிழக அரசிடம் கேட்குமாறு கேரளம் அவரைத் திருப்பியனுப்பியதாகச் சொல்வர். ஆயினும் 1992இல் கேரள அரசு தன் உயரிய திரை விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது. ரோசியைப் பற்றி 1970களின் தொடக்கத்திலிருந்து குன்னுக்குழி எஸ்.மணி விடாது எழுதிவந்தார். 2013இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' வெளிவந்த பிறகே பொதுச் சமூகம் திரும்பிப் பார்த்தது. அப்படமும் டானியலின் துயரத்தையே மையத்தில் வைத்து ரோசியை அஞ்சி ஒடுங்கிய ஏழைப் பெண்ணாகச் சுருக்கிவிட்டது. இன்றைய மலையாள சினிமாவில் ஒரு தலித் பெண்ணால் நாயர் வேடத்தில் நடிக்க முடியுமா என்று அப்போது ஜென்னி ரொவீனா எழுப்பிய கேள்வி, நிறத்தைப் பூசித் 'சேரிப் பெண்' வேடம் தரும் நம் தமிழ்த் திரையுலகுக்கும் உரியது.

இன்று இது நடந்திருந்தால் சட்டம் என்ன செய்யும்? பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம், 1989, அதன் 2015 திருத்தத்துடன் ஏறத்தாழ ரோசிக்காகவே எழுதப்பட்டதைப் போலிருக்கிறது. பொழுதுபோக்கு இடத்துக்குள் நுழைவதைத் தடுப்பதும், பிறர் செய்யும் தொழிலைச் செய்யவிடாமல் தடுப்பதும் பிரிவு 3(1)(இசட்ஏ)இன்படிக் குற்றம். வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறச் செய்வது 3(1)(இசட்). குடியிருப்பை அழிக்கும் நோக்கத்தோடு தீ வைப்பதற்கு 3(2)(4)இன்படி ஆயுள் தண்டனை. எரிந்த வீட்டை அரசு தன் செலவில் கட்டித்தர வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன.

எனினும் முதல் விசாரணையிலேயே ஒரு கேள்வி எழும்: அவர் பட்டியல் சாதியினர்தானா? தந்தை கிறித்தவராகி மகள் ரோசம்மா ஆனார் என்பது ஒரு கூற்று. ரோசி என்பது டானியல் சூட்டிய திரைப்பெயர் என்பது மற்றொன்று. முதற்கூற்று உண்மையானால், குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டு ஆணையின் 3ஆம் பத்தி அவரை வெளியே நிறுத்திவிடும். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த அந்தக் கதவு கிறித்தவ, இசுலாமியத் தலித்துகளுக்கு இன்னும் திறக்கவில்லை. அதை ஆராயவே 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. கல்லெறிந்தவர்கள் ரோசியின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்கவில்லை, நீதிமன்றம் கேட்கும். மிஷன் ஊர்கள் நிறைந்த இந்தத் தென்மாவட்டங்களில் இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

இன்னொன்று, புகார்தாரர் ஊரில் இருக்க வேண்டும். தாக்கப்பட்டவர்கள் பயந்து திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுவதும், அனுப்பிய சம்மன் 'முகவரியில் ஆள் இல்லை' என்ற குறிப்போடு திரும்பிவருவதும், சாட்சியின்றி வழக்கு விடுதலையில் முடிவதும் நாம் தொடர்ந்து காண்பவை. அந்தக் குறிப்பைக் கோப்பில் காணும்போதெல்லாம் இரவில் லாரியேறிய அந்தப் பெண்ணின் நினைவு வராமலில்லை. இதற்காகவே பிரிவு 15ஏ உள்ளது: பாதுகாப்பு, பயணச் செலவு, வாழ்க்கைப்படி, இடமாற்றம், மறுவாழ்வு ஆகிய அனைத்தும் விசாரணைக் காலத்தில் பாதிக்கப்பட்டவரின் உரிமை. சாட்சியின் பெயரையும் முகவரியையும் பொதுப்பதிவுகளில் மறைத்துவைக்கவும் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதைக் கேட்டு மனுச் செய்பவர்கள் குறைவு. ஊரைவிட்டு வந்துவிட்டவர்களின் வழக்கு கையில் உள்ள வழக்கறிஞர்கள், குறுக்கு விசாரணைத் தேதி வரும்வரை காத்திராமல், சிறப்பு நீதிமன்றத்தில் முதல் வாய்தாவிலேயே இம்மனுவைத் தாக்கல் செய்து, புதிய முகவரியை மூடிய உறையில் அளிக்க அனுமதி கோருவது நல்லது.