கிட்டங்கி என்னும் கடன் இயந்திரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், சாய்வு மூடி போட்ட சின்ன மரப்பெட்டியைப் பார்க்கலாம். கணக்கப்பிள்ளைப் பெட்டி என்பார்கள். மூடியைத் தூக்கினால் சில்லறைக்கும் சீட்டுக்கும் பேனாவுக்கும் தனித்தனி அறைகள். மூடிவிட்டால் அதன் முதுகே எழுதும் மேசை. சம்மணமிட்டு உட்கார்ந்தவருக்குக் கை எட்டும் உயரம்தான். நேமத்தான்பட்டி போன்ற, நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஊர்களிலிருந்து கப்பலேறிக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவருக்கு இந்தப் பெட்டிதான் அலுவலகம். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இப்படிப் பல பெட்டிகள் வரிசையாக இருந்த கூடத்துக்குப் பெயர் கிட்டங்கி.

பெயர் கொஞ்சம் ஏமாற்றும். கிட்டங்கிக்கு உறவான கிடங்கு என்றால் பழந்தமிழில் அகழி. பின்னால் சரக்கு வைக்கும் இடம். தமிழ், தெலுங்குக் கரைகளிலிருந்து அது மலாயில் கூடாங் ஆகி, ஆங்கிலத்தில் குடோன் ஆனது என்பது அகராதிக்காரர்கள் பெரிதும் ஒப்பும் வழி. சீனக் கடற்கரைத் துறைமுகங்களிலும் அது அன்றாடச் சொல். ஹாங்காங்கில் 1886இல் தொடங்கிய துறைமுக நிறுவனம் ஒன்று தன் பெயரிலேயே அதை வைத்துக்கொண்டது. ஆங்கிலம் கற்கும் சீனர் ஒருவர் அதை ‘கோ’, ‘டவுன்’ என்று பிரித்து, படியிறங்கிப் போகும் நிலவறை என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. நகரத்தார் கிட்டங்கியிலோ நிலவறையும் இல்லை, மூட்டையும் இல்லை. அங்கே இருப்பு வைத்தது பணத்தை. பணத்தைவிட அதிகமாக, ஆட்களைப் பற்றிய செய்தியை.

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் நீளமான, குறுகலான கூடங்கள். ஆளுக்கு ஒரு பாய் அளவு தரை, ஒரு பெட்டி, பக்கத்தில் அலமாரி, பத்திரங்களுக்கு இரும்புப் பெட்டகம். நடுவே தடுப்பு கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி நிறுவனம். அதன் அடையாளம் ‘விலாசம்’. முதலாளி குடும்பத்துப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்ததே விலாசம். சமையல் பொது. வேலை முடிந்தால் படுக்கையும் அங்கேயே.

முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்து, மூன்றாண்டுக் கணக்குக்கு ஏஜெண்டை அனுப்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். இந்தப் பையன்தான் ஓடியாடி வசூலுக்குப் போவான். சும்மா இருக்கும் நேரத்தில் பேரேட்டைப் பார்த்துத் தொழில் படிப்பான். ஊருக்கு ஐந்தொகை எடுத்து அனுப்பும் அளவுக்குத் தேறிவிட்டால் அடுத்த படி.

படிப்பில் பாதி, பின்னக் கணக்கு. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்குவரை வாய்ப்பாடு உண்டு. வட்டி, நூறு ரூபாய்க்கு மாதம் இவ்வளவு என்ற கணக்கு. எண்ணூறு ரூபாய் கடன். வட்டி நூற்றுக்கு ஒன்றே அரைக்கால், அதாவது ஒரு ரூபாய் இரண்டணா. எட்டு நூறு, ஆகவே எட்டு ரூபாய். எட்டு அரைக்கால் சேர்ந்து ஒரு ரூபாய். மாதம் ஒன்பது. இருபது நாளில் திருப்பினால் மூன்றில் இரண்டு பங்கு, ஆறு ரூபாய். பென்சில் எடுக்கவே வேண்டாம். ரூபாய் புழங்கிய ஊர்களில் பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதால் மாகாணி என்றாலே ஓரணா. பின்னமும் காசும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்திவிடும். எதிரே வந்து நின்ற சீனக் கடைக்காரரிடம் மணிச்சட்டம் இருந்தது, செட்டியாரிடம் வாய்ப்பாடு.

ஆனால் கிட்டங்கியின் சூட்சுமம் கணக்கில் இல்லை, தடுப்பு இல்லாததில் இருக்கிறது. கடன் கொடுப்பவருக்கு இருக்கும் பெரிய தலைவலி, வாங்குகிறவர் வேறு எங்கெங்கே கைநீட்டியிருக்கிறார் என்று தெரியாதது. கிட்டங்கியில் அது தெரிந்துவிடும். ஒருவர் முதல் பெட்டியில் வாங்கிவிட்டு நாலாவது பெட்டிக்கு நகர்ந்தால், நடுவிலிருக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். “அவருக்கு உங்ககிட்ட எவ்வளவு நிக்குது அண்ணே?” என்று சாப்பாட்டுப் பந்தியில் கேட்டாலே போதும். இன்று சிபில் செய்யும் வேலையை அந்தக் கூடம் செலவில்லாமல் செய்தது. அடகாகச் சொத்து இல்லாத சிறு வணிகருக்குக்கூட வெறும் கைச்சீட்டை நம்பிப் பணம் தர முடிந்தது இதனால்தான். ஒரு பெட்டியில் பணம் தட்டினால் பக்கத்துப் பெட்டி கைமாற்றாகக் கொடுக்கும். நடப்பு வட்டியையும் நகரத்தார் கூடிப் பேசியே வைத்தார்கள். போட்டியும் கூட்டும் ஒரே கூரைக்குள்.

இயந்திரத்தின் பலவீனமும் அங்கேதான். பக்கத்துப் பெட்டிக்காரரும் அதே ஊர்க்காரர். அவரும் அதே தொழில்களுக்குத்தான் கடன் கொடுத்திருப்பார். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் பர்மாவின் நெல்லும் ஒன்றாக விலை சரிந்தன. நகரத்தார் தொழில் செய்த பர்மாவில் கடன் திரும்பவில்லை, அடகு நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், 1938இல் 25 விழுக்காட்டைத் தொட்டது. ரொக்கம் கேட்டவர்களிடம் வயல் குவிந்தது. உழவர்களின் கோபமும் சேர்ந்தே குவிந்தது. பிறகு ஜப்பானியப் படையெடுப்பு, அதன்பின் விடுதலை பெற்ற பர்மாவின் நிலத் தேசியமயம். அந்த முதலீட்டில் பெரும்பகுதி திரும்பவேயில்லை. ஆளை எடைபோடுவதில் கிட்டங்கி தவறவில்லை. எல்லாரும் ஒரே நாளில் முடங்கினால் என்ன செய்வது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலை வேறு வடிவத்தில் தேடியவர்களும் நகரத்தாரே. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. ஒரு சமூகத்தின் மூலதனத்தை மட்டும் நம்பாமல் ஊரார் வைப்பையும் திரட்டுவது, பல நாட்டு வணிகத்துக்கு அந்நியச் செலாவணி மாற்றித் தருவது என்று இடர் பரவலானது. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் 1970களில் நகரச் சீரமைப்பில் இடிபடும்வரை பெட்டிகளோடு நீடித்தன. கடன் கேட்டு வருபவரின் முகம் தெரிவது அவற்றின் பலம்; முகம் தெரியாதவர்களின் பணத்தையும் சேர்ப்பது வங்கியின் பலம். நல்ல கடனுக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது.