ராக் இசையும் நம்ம ஊர்ப் பாட்டும்

"ராக்" என்றதும் காது கிழிகிற சத்தம், இங்கிலீஷ் பாட்டு என்று நம் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அந்த இசைக்கும் நம் தங்கவயலுக்கும் உள்ள ஓர் உறவைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில், ஸ்டுடியோ ஆல்பம் என்றால் என்ன? மேடைக் கச்சேரியை அப்படியே பிடித்து வைப்பதல்ல. ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனித் தடத்தில் பதிந்து, ஏற்றி இறக்கிக் கலந்து, பாட்டுகளை ஒரு வரிசையாகக் கோப்பது. சினிமாப் பாட்டு கதைக்காகப் பிறக்கிறது. ஆல்பத்துக்கோ, பாடுகிறவர்களின் வாழ்க்கையே கதை.

1970 வாக்கில் ஜப்பானில் ஒரு சர்ச்சை நடந்தது. ஜப்பானியச் சொற்கள் ராக் தாளத்தில் உட்காராது, இங்கிலீஷில்தான் பாட வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். 'ஹாப்பி எண்டு' என்ற நால்வர் குழு 1971 நவம்பரில் 'கசெமாச்சி ரோமன்' என்ற ஆல்பத்தைத் தாய்மொழியிலேயே பாடி வெளியிட்டது. கசெமாச்சி என்றால் காற்று நகரம். 1964 ஒலிம்பிக்ஸுக்காக இடித்து மாற்றப்பட்ட பழைய டோக்கியோவை, அக்குழுவில் டிரம்ஸ் வாசித்த மாட்சுமோட்டோ தகாஷி அந்தப் பெயரில் எழுதிவைத்தார். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் ஜப்பான் பதிப்பு 2007இல் தன் நாட்டு ராக் ஆல்பங்களில் இதற்கே முதலிடம் தந்தது. ஊர் போச்சு, பாட்டு நின்றது.

தமிழில் இதற்கு இணை கேட்டால், நான் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைத்தான் சொல்வேன். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கிட்டார், டிரம்ஸோடு பறையும் சட்டியும் சமமாக நின்றன. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானாவை ராக்கோடும் ராப்போடும் சேர்த்து, 'மகிழ்ச்சி' என்ற ஆல்பமும் தந்தார்கள். இடஒதுக்கீட்டை ஏளனம் செய்பவர்களுக்கு, 'கோட்டா' என்ற பாட்டில் பதில் சொன்னார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? குழுவின் பெயரே நமக்கு உறவு. "சாதிபேதமற்ற" என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பண்டிதர் 1907இல் தொடங்கிய பத்திரிகையைத் தாங்கிய ஊர்களில் நம்ம ஊரும் ஒன்று. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை இருந்தது. 1914இல் அவர் மறைந்த பின்பு, 1926இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார். இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பூமிக்கடியில் கல் உடைத்த கூலிக்காரர்கள் காசு போட்டுக் காத்த சொல், நூறாண்டு கழித்துக் கிட்டாரோடு மேடை ஏறியிருக்கிறது!

சொல்லைக் காத்த நாம் பாட்டைக் காத்தோமா? எங்கள் சாம்பியன் ரீப்ஸில் பறை உண்டு, கானா உண்டு, கோயில் பஜனை உண்டு, சர்ச் கிட்டாரும் உண்டு. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டிய பாட்டுகளை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நம்ம பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பாடியவர்களுக்கோ வயதாகிக்கொண்டே போகிறது.

ஸ்டுடியோவுக்குப் பணம் பிறகு தேடலாம். இப்போது கையில் இருக்கிற செல்போன் போதும். ஒரு தாத்தாவை, ஒரு பாட்டியை உட்காரவைத்துப் பாடச் சொல்லுங்கள். யார் பாடினார், எந்த லைன், எந்தச் சுரங்கத்தில் வேலை என்பதையும் அவர் குரலிலேயே பதியுங்கள். மண்ணிலிருந்து எடுத்த தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. பாட்டாவது நம்மிடம் இருக்கட்டும்.