ஊர்ப் பெயர் இல்லாத அஞ்சலட்டைகள்

படம் பிடித்த கதை – 9

1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ என்ற ஊரின் பட அஞ்சலட்டைகள் பத்து வகை அச்சாகி வந்தன. வகைக்கு 5,600 பிரதி, மொத்தம் 56,000 அட்டைகள். அச்சிட்டது டெக்ஸ்டர் பிரஸ் என்ற, பட அட்டைத் தொழிலில் பேர்பெற்ற அச்சகம். காசு போட்டவர் நியூயார்க் வாலிபர் ஒருவர். பெயர் ஸ்டீஃபன் ஷோர், வயது 23.

சென்ற வாரம் கோடாக் பெட்டிக் கேமராவோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து நேராக அமரில்லோவுக்குத் தாவக் காரணம் உண்டு, போகப்போகத் தெரியும். அந்த நாளில் ரூட் 66 நெடுஞ்சாலையில் போனவர்கள் பெட்ரோல் போடவும் வயிற்றுக்குப் போடவும் நின்ற ஊர் அது. ஷோர் எடுத்த பத்துப் படங்களிலும் அருவி இல்லை, கோட்டை இல்லை, சூரிய அஸ்தமனம் இல்லை. ஒரு பேங்க் கட்டடம், ஓர் ஆஸ்பத்திரி, கறி சுட்டுத் தரும் ஒரு கடை, ஒரு கடைத்தெரு. மேலே பளிச்சென்று நீல வானம். சுற்றுலாத் தலங்களின் அட்டைகள் எந்த மினுமினுப்போடு வருமோ அதே மினுமினுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் சந்தேகமே வராது. கையில் எடுத்துத் திருப்பினால்தான் வில்லங்கம் தெரியும்: எந்த ஊர் என்று பின்பக்கத்தில் போடவில்லை.

அட்டைகள் விலை போகவில்லை. சும்மா கிடப்பானேன் என்று ஷோர் ஊர் ஊராகப் போகும்போது ஒரு கட்டு எடுத்துப்போனார். வழியில் கடைகளில் சுழலும் அட்டைத் தாங்கிகள் இருக்குமே, அவற்றில் யாரும் பார்க்காத நேரமாகத் தன் அட்டைகளைச் செருகிவிட்டு வந்தார். கடையிலிருந்து திருடிக்கொண்டு போகிறவர்களைத்தான் நமக்குத் தெரியும். கடைக்குள் திருட்டுத்தனமாகச் சரக்கு வைத்துவிட்டு வந்தவர் இவர். அவற்றை எங்கெங்கோ கண்டெடுத்த நண்பர்கள் அவருக்கே தபாலில் திருப்பி அனுப்பியதும் உண்டு.

வேலை வெட்டி இல்லாத பையனின் குறும்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஷோருக்கு ஆறு வயதில் உறவினர் ஒருவர் வீட்டிலேயே ஃபிலிம் கழுவும் சாமான்களைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். பத்து வயதில் வாக்கர் எவன்ஸ் என்ற மேதையின் ‘அமெரிக்கன் போட்டோகிராஃப்ஸ்’ புத்தகம் கைக்கு வந்தது. பதினான்கு வயதில் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துக்குப் போய்த் தன் படங்களைக் காட்டினான் பையன். அங்கே புகைப்படப் பிரிவின் தலைவராக இருந்த எட்வர்ட் ஸ்டைக்கன் மூன்று படங்களை மியூசியத்துக்கு வாங்கிக்கொண்டார். பதினேழு, பதினெட்டு வயதில் ஆண்டி வார்ஹோல் என்ற ஓவியரின் ஸ்டுடியோவில் கேமராவும் கையுமாகத் திரிந்தார். அட்டைகள் அச்சான அதே 1971-இல் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் அவருடைய தனிக் கண்காட்சியும் நடந்தது. உயிரோடிருக்கும் புகைப்படக்காரர்களில் அந்த மரியாதை வெகு சிலருக்கே கிடைத்திருந்த காலம்.

எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் கலை. அவருக்கு அதுவே அலுத்துவிட்டது. தன் படங்கள் ‘இதோ பார், கலை’ என்று சொல்லிக்கொண்டு நிற்காமல், ஒரு மனிதன் சாதாரணமாகக் கண்ணால் பார்ப்பது போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு அவர் வாங்கிய கேமராவைக் கேளுங்கள். மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் குழந்தைகளுக்காக வந்த ‘மிக்-ஏ-மேட்டிக்’. எலியின் காதை அழுத்தினால் படம் விழும். கறுப்புப் பெட்டியை நீட்டினால் விறைத்துக்கொள்கிற மனிதர்கள், மிக்கி மவுஸை நீட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அதே வருடம் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கண்காட்சியும் வைத்தார். யார் யாரோ எடுத்த குடும்பப் படங்கள், பட அட்டைகள், போலீஸ் படங்கள் என்று கண்டதையும் சேர்த்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

பட அட்டை மேல் பைத்தியம் பிடித்தவர் ஷோர் மட்டும் இல்லை. அவருடைய மானசீக குருவான வாக்கர் எவன்ஸ் சின்ன வயதிலிருந்தே சேர்த்துவைத்த அட்டைகள் சுமார் 9,000 இன்று மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கின்றன. அவருக்குப் பிடித்தவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்தவை. சின்ன ஊரின் கடைத்தெரு, ரயில்வே ஸ்டேஷன், ஃபாக்டரி என்று பேர் தெரியாத ஆட்கள் எடுத்தது. அந்தக் காலத்தில் பட அட்டையை வைத்துத்தான் ஜனங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டார்கள். 1907 வரை அமெரிக்காவில் அட்டையின் பின்பக்கம் விலாசத்துக்கு மட்டும்தான். சேதி சொல்ல வேண்டுமென்றால் முன்பக்கத்தில் படத்தின் மேலேயே, வானத்திலோ ஆற்றிலோ, நுணுக்கி எழுத வேண்டும். பிறகுதான் பின்பக்கத்தை இரண்டாக வகுத்துக் கோடு போட அனுமதித்தார்கள். கோடாக் கம்பெனி அதற்குள் முந்திக்கொண்டு, அட்டை அளவுக்கே ஃபிலிம் விழுகிற ‘3ஏ’ என்ற மடக்குக் கேமராவை 1903-இல் இறக்கிவிட்டது. நாமே எடுக்கலாம், நாமே அட்டையாகப் போட்டுத் தபாலில் சேர்க்கலாம். தன் வீட்டுத் திண்ணையைப் படமெடுத்து அத்தைக்கு அனுப்புகிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

கம்பெனிகள் போட்ட அட்டைகளில் வேறு கூத்து. சிகாகோவில் கர்ட் டைக் என்பவரின் அச்சகம் 1898-இல் தொடங்கி லட்சக்கணக்கில் அட்டை போட்டுத் தள்ளியது. உள்ளூர்க் கடைக்காரர் ஆர்டர் கொடுக்கும்போதே குறிப்பு எழுதித் தரலாம்: அந்தத் தந்திக் கம்பத்தை எடுத்துவிடுங்கள், வாசலில் நிற்கிற பழைய கார் வேண்டாம், வானத்தில் கொஞ்சம் மேகம் போடுங்கள். உள்ளே பிரஷ் பிடித்த ஆட்கள் அப்படியே செய்து கொடுத்தார்கள். போனில் ஃபில்டர் போடுகிற பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள் இந்தக் கம்பெனியின் பழைய அட்டைகளை ஒருமுறை பார்த்தால் நல்லது.

ஷோர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. கம்பம், கம்பி, கார், குப்பைத்தொட்டி எல்லாம் அவர் கணக்கில் ஊர்தான்.

1972-இல் நண்பர் ஒருவரோடு நியூயார்க்கிலிருந்து அமரில்லோவுக்குக் காரில் கிளம்பினார். மன்ஹாட்டனின் சில சதுர மைல்களுக்குள்ளேயே வளர்ந்த ஆள். கார் ஓட்டத் தெரியாது. அதனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் கட்டத்துக்குள்தான் அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டு போனார். கையில் ரோலை 35 என்ற குட்டிக் கேமரா. சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும். தூரத்தை நாமே உத்தேசமாக மதிப்பிட்டு லென்ஸைத் திருக வேண்டும். ஃபிளாஷ் மாட்டுகிற இடம் விசித்திரமாகக் கேமராவின் அடியில் இருக்கும். அப்படியே பிடித்தால் பேய்ப்படத்தில் வருவதுபோல் வெளிச்சம் கீழிருந்து அடித்து நிழல் மேலே ஏறும். விவரம் தெரிந்தவர்கள் கேமராவைத் தலைகீழாகப் பிடிப்பார்கள்.

அந்தக் கேமராவை வைத்துக்கொண்டு அவர் எடுத்தது என்ன? சாப்பிட்ட சாப்பாட்டை எல்லாம் எடுத்தார். படுத்த படுக்கையை எடுத்தார். லாட்ஜ் டி.வி., கழிவறைப் பீங்கான், திறந்த ஃபிரிட்ஜ், கடை ஜன்னல், பேச்சுக் கொடுத்த மனிதர்கள். ஃபிலிமை மற்ற சுற்றுலாக்காரர்களைப் போலவே கோடாக் லேபுக்கு அனுப்பி, எல்லோருக்கும் போடுகிற அதே சின்ன கலர் பிரிண்ட் வாங்கினார். அவற்றை ஃபிரேம்கூடப் போடாமல் நியூயார்க்கின் லைட் கேலரி சுவரில் மூன்று வரிசையாக ஒட்டினார். பெயர் ‘அமெரிக்கன் சர்ஃபேசஸ்’.

வந்தவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கலர் என்றாலே விளம்பரம், கல்யாண ஆல்பம் என்று ஒதுக்கிய காலம் அது. கலர் புகைப்படம் கொச்சையானது என்று எழுதியவர் வேறு யாருமில்லை, வாக்கர் எவன்ஸேதான். (அதே எவன்ஸ் கடைசிக் காலத்தில் போலராய்டு கேமராவை வாங்கிக்கொண்டு கலராக எடுத்துத் தள்ளினார் என்பது தனிக்கதை.) ஆனாலும் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் வெஸ்டன் நேஃப் அந்தப் படங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டார். அவை புத்தகமாக வர 1999 ஆயிற்று.

அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டு ஆல்பங்கள் ஞாபகம் வரும். ஒரு ரோல் ஃபிலிம் என்றால் 36 படம். சாமர்த்தியமாக மாட்டத் தெரிந்தவர் 38 எடுப்பார். அதற்குள் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி மூன்றையும் அடக்கியாக வேண்டும். “சுவத்தை எல்லாம் எடுத்து ஃபிலிமை வீணாக்காதே” என்று பெரியவர்களின் அதட்டல் கூடவே வரும். ஆகவே எல்லாப் படத்திலும் கோபுரம், கோபுரத்துக்கு முன்னால் வரிசையாக மாமா, அத்தை, சித்தி, குழந்தைகள். முகம் மிளகு அளவுக்கு இருக்கும். சாப்பிட்ட ஓட்டல், காத்துக்கிடந்த பஸ் ஸ்டாண்டு, படுத்த சத்திரம் எதுவும் இருக்காது.

ஆனால் ரோலின் கடைசியில் இரண்டு மூன்று படம் மிஞ்சும். ஸ்டுடியோவில் கழுவக் கொடுக்க வேண்டுமானால் அதை முடித்தாக வேண்டுமே! ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் கண்டதையும் பார்த்து ‘க்ளிக்’. கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும் அம்மா. கொடியில் காயும் துணி. வாசலில் சாத்திவைத்த சைக்கிள். அலமாரியின் மேல் வால்வு ரேடியோ, அதன் மேல் குரோஷா பின்னிய துணி. இன்று அந்த ஆல்பத்தைத் திறந்தால் கோபுரத்தை யார் பார்க்கிறார்கள்? கோபுரம் அங்கேயேதான் நிற்கிறது. பஸ் பிடித்தால் நேரிலேயே பார்த்துவிடலாம். கிணறு தூர்ந்துபோய் அதன் மேல் கார் ஷெட் வந்தாயிற்று. நம் வீட்டு அன்றாட வாழ்க்கை படமாகத் தங்கியதெல்லாம் அந்த மிச்ச ஃபிலிமில்தான். ஷோர் செய்தது, ரோல் முழுவதையும் மிச்ச ஃபிலிமாக நினைத்துக்கொண்டதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சின்ன ஃபிலிமைப் பெரிதாக்கினால் பொரிப்பொரியாகத் தெரிகிறது என்று 1973-இல் பெரிய கேமராவுக்கு மாறினார். முக்காலியில் நிறுத்தி, தலைக்கு மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு, ஒரு தகடு ஃபிலிமுக்கு ஒரு படம் எடுக்கிற பழைய பாணி. முதலில் 4க்கு 5 அங்குலம், பிறகு 8க்கு 10 அங்குலம். ஒரு தகடு ஃபிலிமும் அதைக் கழுவுவதும் கையைக் கடிக்கிற செலவு. அதனால் ஒரு காட்சிக்கு ஒரே படம் என்று வைத்துக்கொண்டார். எங்கே நிற்பது, எதுவரை எடுப்பது என்பதை முன்னாலேயே முடிவு செய்துகொள்ள வேண்டிய கட்டாயம். அந்தக் கேமராவைக் கொண்டும் அவர் எடுத்தது அதே தெருமுனைதான், அதே பெட்ரோல் பங்க்தான், அதே சாப்பாடுதான்.

1973 ஆகஸ்ட் 10, யூட்டா மாநிலத்துக் கனாப் என்ற சிற்றூர், ‘டிரெய்ல்ஸ் எண்ட்’ ரெஸ்டாரன்ட். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். மரம் மாதிரி கோடு போட்ட ஃபார்மிகா மேஜை. நடுவே தட்டில் பான்கேக், நம்மூர் கல்தோசையை இன்னும் தடிமனாக ஊற்றிய மாதிரி, மேலே வெண்ணெய். பக்கத்தில் கிண்ணத்தில் பாதியாக நறுக்கிய கிர்ணிப்பழம். ஒரு தம்ளர் பால். உப்புக் குப்பியும் மிளகுத் தூள் குப்பியும். முள்கரண்டி, கத்தி. மேஜையின் அந்தப் பக்கம் சீட்டின் ஒரு விளிம்பு. ஜன்னல் வெளிச்சம் தம்ளரின் ஓரத்தில் பட்டு நிற்கிறது. ஒன்றையும் அவர் அழகுபடுத்தவில்லை, ஆனால் ஒன்றும் ஏனோதானோவென்று இல்லை. முக்காலி நிறுத்தி, துணிக்குள் தலையை விட்டு, தகடு செருகி முடிப்பதற்குள் அந்தப் பான்கேக் நிச்சயம் ஆறிப்போயிருக்கும். ஆளே இல்லாத படத்தில், பசியோடு காத்திருக்கும் ஓர் ஆளை என்னால் பார்க்க முடிகிறது.

இன்னொன்று கவனித்தேன். இந்தப் படங்களுக்கு அவர் தலைப்பென்று தனியாக எதுவும் வைப்பதில்லை. கடை அல்லது தெரு, ஊர், மாநிலம், தேதி, அவ்வளவுதான். அட்டையில் ஊர்ப் பெயரை விட்ட மனிதர் இங்கே நாள் கிழமை தவறாமல் எழுதுகிறார். ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கிற நமக்கு அந்த ஒரு வரி, பத்து வரி வர்ணனையைவிடப் பயன்படுகிறது. கனாப் வழியாகப் போன அந்த 1973 பயணத்தில் ஒரு நோட்டும் வைத்திருந்தார். ஓட்டிய மைல், சாப்பிட்டது, டி.வி.யில் பார்த்தது, எந்த ஊரில் எத்தனை அட்டை செருகினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 2008-இல் அதுவும் புத்தகமாக வந்தது.

இன்று சாப்பாட்டைப் படமெடுத்துப் போடாதவர் யார்? அதைக் கேலி செய்கிற கூட்டத்தில் நான் இல்லை. என் குறை ஒன்றே ஒன்று. நெய் ரோஸ்ட்டைப் படமெடுக்கிறவர், நெய் ரோஸ்ட்டை மட்டும் நெருக்கி எடுக்கிறார். நெய் மினுங்குகிறது, வாய் ஊறுகிறது, டைக் கம்பெனி தோற்றது. எவர்சில்வர் தம்ளர், சாம்பார் வாளி, டோக்கன், எதிர் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஆள், சுவரில் விலைப்பட்டியல் எல்லாம் படத்துக்கு வெளியே போய்விடுகின்றன. நெய் ரோஸ்ட் நாற்பது வருடம் கழித்தும் நெய் ரோஸ்ட்டாகத்தான் இருக்கும். விலைப்பட்டியல் இருக்குமா? அரை அடி பின்னால் சாய்ந்து எடுத்தால் போதும், அத்தனையும் உள்ளே வந்துவிடும். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மறுநாள் சித்தப்பா கும்பகோணத்திலிருந்து டிகிரி காப்பியோடு பில்லையும் சேர்த்து எடுத்து அனுப்பினார். ‘காப்பி நன்றாக இருக்கிறது, பில்தான் கசக்கிறது’ என்று கீழே ஒரு வரி.

ஷோர் 2014-இலிருந்து இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறவர். அங்கேயும் அதே சாலையோரம், தரை, செடி, தட்டு.

கார் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்த இன்னொருவர் நம் நாட்டில் இருந்தார். ஜெய்ப்பூர்க்காரர், ரகுபீர் சிங். மேல்நாட்டில் கலரைத் தீட்டு என்று தள்ளிவைத்த நாளில், இந்தியாவைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதுதான் அபத்தம் என்று வாதாடியவர். அம்பாசடர் காரின் கதவு, கண்ணாடி, ஸ்டியரிங் எல்லாவற்றையும் படத்தின் சட்டமாக வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார். அவரோடு தமிழ்நாட்டுக்கும் வருவோம், அடுத்த வாரம்.

(தொடரும்)