புழுக்கோட்டை என்றொரு பிஸ்கட்

'பல் மழுக்கி', 'இரும்புத் தகடு', 'புழுக்கோட்டை'. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை வீரர்கள் ஒரே பண்டத்துக்கு வைத்த பட்டப்பெயர்கள் இவை. அந்தப் பண்டம் ஹார்ட்டாக் என்ற பிஸ்கட். கேட்டால் வசவு போலத்தான் இருக்கும். ஆனால் அது செய்யப்பட்ட விதத்தைத் தெரிந்துகொண்டால், ஒரு பெயர்கூட மிகையில்லை என்பது புரிந்துவிடும்.

கோதுமை மாவு, தண்ணீர், சில சமயம் கொஞ்சம் உப்பு. சேர்மானம் அவ்வளவுதான். கொழுப்பு சேர்த்தால் நாள்பட நாள்படக் காறல் வாடை வரும், ஈரம் தங்கினால் பூஞ்சணம் பூக்கும் என்பதால் இரண்டையும் விலக்கினார்கள். மாவைக் கெட்டியாகப் பிசைந்து, தடிமனாகத் தேய்த்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, மேலெல்லாம் துளை போட்டுச் சுடுவார்கள். துளை வழியே ஆவி போய்விடுவதால் பிஸ்கட் உப்பாது. நடுப்பகுதி வரை வறண்டுவிடும். பல்லைப் பதம் பார்த்தது இந்த வறட்சிதான். துப்பாக்கியின் அடிக்கட்டையால் இடித்துத்தான் பலர் அதை உடைத்தார்கள். அணிவகுப்பில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது ஒன்பது பத்து பிஸ்கட் கிடைக்கும்.

வறண்ட பிஸ்கட்டில் பூஞ்சணம் பிடிக்காது, வண்டு பிடிக்கும். கிடங்கில் நாள்கணக்கில் கிடந்த பெட்டிகளில் வண்டு முட்டையிட்டுப் புழு குடைந்தது. பெட்டிமேல் அச்சிட்டிருந்த 'பி.சி.' என்ற எழுத்துகளை, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே சுட்டது என்று வீரர்கள் படித்தார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. கொதிக்கும் காப்பியில் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டால் புழுக்கள் செத்து மேலே மிதக்கும். கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுக் குடிக்கலாம். நமக்குக் குமட்டும்தான். பசியோடு பல மைல் நடந்தவன் கண்ட நல்ல சமையல் அறிவு அது என்றே நான் சொல்வேன். நேரம் கிடைத்த நாளில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பன்றிக் கொழுப்பில் பொரித்தார்கள். அந்தப் பலகாரத்துக்கு 'ஸ்கில்லிகலீ' என்று பெயர்.

மாசசூசெட்ஸ் பீரங்கிப் படையில் இருந்த ஜான் பில்லிங்ஸ், 1887இல் எழுதிய போர் நினைவுகளுக்கு 'ஹார்ட்டாக்கும் காப்பியும்' என்றே தலைப்பு வைத்தார். வீரர்களின் அன்றாடத்தை அறிய விரும்புகிறவர்கள் தளபதிகளின் வரலாற்றுக்கு முன்பே அதைப் படிக்க வேண்டும்.